புதிய ஹெலிகாப்டரில் புதிதாக என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

ஏர்பஸ் நிறுவனத்தின் எச்160, எச்145 ஆகிய இரண்டு ஹெலிகாப்டர்களைச் சுற்றியே இந்த முறை பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. எச்160 முதலில் பறந்தது 2015 ஜூன் 13, பிரான்ஸின் மரிஞானில். ஐரோப்பியச் சான்று கிடைத்தது 2020 ஜூலையில். புறப்படும்போது அதிகபட்ச எடை 6,050 கிலோ, 12 பயணிகள், இரண்டு எஞ்சின். எச்145 பழைய குடும்பம். அதன் ஐந்து பிளேடு மாடல் 2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு 2020 ஜூனில் சான்று பெற்றது.

எச்160 படத்தைப் பார்த்தேன். பிளேடுகள் நேராக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்திருக்கின்றன. அழகுக்காகவா? – மதுரை வாசகர்

இல்லை, சத்தத்துக்காக. ஹெலிகாப்டர் இறங்கி வரும்போது "டப் டப் டப்" என்று அறைவது போல ஓர் ஓசை கேட்கும். அது எஞ்சின் சத்தம் அல்ல. ஒவ்வொரு பிளேடின் நுனியிலிருந்தும் காற்றுச் சுழல் ஒன்று கயிறு போல நீண்டு பின்னால் போகிறது. மட்டமாகப் பறக்கும்போது அந்தக் கயிறு கீழே அடித்துச் செல்லப்பட்டுவிடும். சரிவாக இறங்கும்போது ஹெலிகாப்டரே கீழே வருவதால், கயிறு ரோட்டாரின் (தலைக்கு மேல் பிளேடுகளோடு சுழலும் பெரிய விசிறி) மட்டத்திலேயே கிடக்கிறது. அடுத்து வரும் பிளேடு அதன் மேல் மோதுகிறது.

பிளேடு நேராக இருந்தால் முன்விளிம்பின் பெரும் பகுதி ஒரே கணத்தில் அந்தச் சுழலுக்கு இணையாக வந்து அறைகிறது. எச்160 பிளேடு முதலில் முன்பக்கமாக வளைந்து, பிறகு நுனியில் பின்பக்கமாகத் திரும்புகிறது. அதனால் விளிம்பின் ஒவ்வொரு இடமும் சுழலை வேறு வேறு நேரத்தில் தொடுகிறது. ஒரே அறையாக விழவேண்டியது சிதறிப்போகிறது. ஏர்பஸ் சொல்லும் கணக்கு 3 டெசிபல் குறைவு. ஒலியின் ஆற்றல் பாதியாகிறது என்று பொருள். காதுக்குப் பாதியாகத் தெரியாது, ஆனால் அந்த அறையும் தன்மை போய்விடுவதுதான் பெரிய நிம்மதி. இதே பிளேடு சுமார் 100 கிலோ கூடுதல் சுமையையும் தூக்க உதவுகிறது என்கிறார்கள்.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்ததல்ல. 1990-களில் பிரான்ஸின் ஒனேரா, ஜெர்மனியின் டிஎல்ஆர் ஆய்வகங்கள் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில் முளைத்தது. 2007-இல் இசி155 ஹெலிகாப்டரில் பூட்டிப் பறந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் ஆனது, பயணிகள் ஏறும் ஹெலிகாப்டரில் வர.

நான்கு பிளேடு இருந்த எச்145-க்கு ஐந்தாவது எதற்கு? பிளேடு கூடினால் எடையும் கூடுமே? – திருச்சி, விமானப் பொறியியல் மாணவி

எடை குறைந்திருக்கிறது, அதுதான் இந்த மாற்றத்தின் சுவையான பகுதி. பழைய ரோட்டாரில் டைட்டானியத்தில் கடைந்த கனமான தலை, அதற்குள் பிளேடு கோணம் மாற பேரிங்குகள், இவற்றால் வரும் அதிர்வை உள்வாங்க உடலுக்குள் தனியாக ஓர் அதிர்வு எதிர்ப்பு ஏற்பாடு எல்லாம் இருந்தன. புதியதில் பேரிங்கே கிடையாது. பிளேடின் அடிப்பகுதியில் கண்ணாடி இழையால் ஆன ஒரு தட்டையான பட்டை. மேலும் கீழும் வளையும், முறுக்கினால் முறுகும். அதைச் சுற்றி ஓர் உறை. கோணம் மாற்றும் கம்பி உறையைத் திருப்ப, உறை பட்டையை முறுக்குகிறது. அவ்வளவுதான்.

சுமை வசதி மொத்தம் 150 கிலோ கூடியது. அதில் 100 கிலோ, அதிகபட்ச எடை 3,700-இலிருந்து 3,800 கிலோ ஆனதால். மிச்சம் 50 கிலோ ஹெலிகாப்டரே இளைத்ததால். ரோட்டார் விட்டம் 11 மீட்டரிலிருந்து 10.8 ஆகக் குறைந்தும் இது நடந்திருக்கிறது.

அதிர்வு விஷயத்துக்கு வருவோம். ரோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 380 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 6.3 சுற்று. நான்கு பிளேடானால் உடலுக்கு வரும் முக்கிய அதிர்வு அதன் நான்கு மடங்கு, 25 ஹெர்ட்ஸ். ஐந்தானால் 32 ஹெர்ட்ஸ். பிளேடு கூடக்கூட ஒவ்வொன்றும் சுமக்கும் பாரம் குறைகிறது, அதிர்வின் வீச்சும் இறங்குகிறது. அதனால்தான் அந்த எதிர்ப்பு ஏற்பாட்டைக் கழற்றிப் போட முடிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுற்றுக்கு ஒரு முறை வரும் உலுக்கல் ஐந்து பிளேடால் குறையாது. அது பிளேடுகள் ஒரே எடையில், ஒரே தடத்தில் ஓடாததால் வருவது. பராமரிப்பவர் சமன் செய்துதான் ஆக வேண்டும், அதிர்வின் வேகத்தை நொடிக்கு 0.2 அங்குலத்துக்குக் கீழே கொண்டுவருவது பொதுவான வழக்கம். நான்கு பிளேடில் எதிரெதிர் ஜோடியாக எடை வைத்துச் சரிக்கட்டலாம். ஐந்தில் எதற்கும் நேர் எதிரே பிளேடு இல்லை. ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டில் தெரியும். கணினி சொல்லும் திருத்தங்களைச் சேர்த்தே செய்ய வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

ரோட்டாரில் ரப்பர் பேரிங் என்கிறார்களே, கிரீஸ் இல்லாமல் எத்தனை நாள் ஓடும்? – ஓசூர், பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்

இது எச்160 பற்றியது. அதன் நடுத்தலை இழை சேர்த்த தெர்மோபிளாஸ்டிக்கால் ஆனது. ஒவ்வொரு பிளேடும் ஒரு கோள வடிவ பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது: மெல்லிய உலோகத் தகடு, ரப்பர், தகடு, ரப்பர் என்று வெங்காயம் போல அடுக்கு. மேலும் கீழும் அசைவது, முன்பின் அசைவது, கோணம் மாறுவது மூன்றையும் ரப்பரின் நெகிழ்ச்சியே பார்த்துக்கொள்கிறது. கிரீஸ் நிப்பிள் இல்லை, சீல் இல்லை.

நாள் கணக்கு வைத்து மாற்றுவதில்லை, நிலையைப் பார்த்துத்தான். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். பென்சில் அழித்த ரப்பர்த் தூள் மாதிரி கறுப்புத் திரள் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், மேல்தோல் தேய்வது இயல்பு. துடைத்துவிட்டு அடியில் பாருங்கள். விரிசல் உள்ளே போகிறதா, ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்திருக்கிறதா, பிதுங்கி நிற்கிறதா? இவற்றின் ஆழத்துக்கும் நீளத்துக்கும் கையேட்டில் அளவு உண்டு. தாண்டினால் கழற்ற வேண்டியதுதான்.

இதைக் கொல்வது எண்ணெய். கியர்பாக்ஸ் சீலிலிருந்து சொட்டும் எண்ணெயோ, கழுவும்போது தெளித்த கரைப்பானோ இயற்கை ரப்பரை ஊத வைத்து மென்மையாக்கிவிடும். கசிவைச் சரி செய்யாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அதே வழியில் போகும்.

வால் விசிறியை ஏன் சாய்த்து வைத்திருக்கிறார்கள்? அதை வளையத்துக்குள் அடைப்பதால் என்ன லாபம்? – கோவை வாசகர்

ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக உடல் திரும்பிவிடாமல் தடுப்பது வால் விசிறி. வளையத்துக்குள் அடைத்த வால் விசிறிக்கு ஃபெனெஸ்ட்ரான் என்று பெயர். 1968-இல் பிரெஞ்சு கசெல் ஹெலிகாப்டரில் முதலில் பறந்தது. தரையில் நிற்பவர்களை வெட்டாது, மரக்கிளையில் எளிதில் சிக்காது; விபத்து நடந்த நெடுஞ்சாலையில் இறங்கும் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கு இது உயிர் காக்கும் விஷயம். 1994-இல் இசி135-இல் வந்தபோது விசிறியின் பிளேடுகளைச் சம இடைவெளியில் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தார்கள். சமமாக இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். இடைவெளி மாறினால் அந்த ஆற்றல் பல சுருதிகளில் பரவிவிடுகிறது.

எச்160-இல் அது 1.2 மீட்டர் விட்டம், 12 டிகிரி சாய்வு. சாய்த்ததன் கணக்கு எளிது. 12 டிகிரிக்கு சைன் 0.21, கொசைன் 0.98. பக்கவாட்டு உந்துதலில் 2 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் 21 விழுக்காடு மேல்நோக்கிய தூக்கலாகக் கிடைக்கிறது. பெட்டிகளும் ஆட்களும் பின்பக்கம் கொஞ்சம் கூடினாலும் சமாளிக்க இடம் கிடைக்கிறது. விலை என்னவென்றால், கால் பெடலை மிதித்தால் மூக்கு திரும்புவதோடு வாலும் உயரத் தாழப் பார்க்கும். அதை ஆட்டோபைலட் திருத்திக்கொள்கிறது.

ஃபெனெஸ்ட்ரானுக்கே உரிய ஒரு பழக்கம் பைலட்டுக்கு வேண்டும். வேகமாகப் போகும்போது செங்குத்து வால் தகடே வேலையைச் செய்துவிடும், விசிறி ஏறக்குறைய சும்மா இருக்கும். வேகம் குறைந்து நிற்கும் நிலைக்கு வரும்போது பெடலை நிறைய நகர்த்த வேண்டும், திறந்த விசிறியில் பழகிய கால் எதிர்பார்ப்பதைவிட அதிகம். பிரெஞ்சு வகையில் ரோட்டார் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால், கால் போதாவிட்டால் மூக்கு இடப்பக்கம் சுழலத் தொடங்கும். அப்போது வலது பெடலை முழுக்க மிதித்து, சுழற்சி நிற்கும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். "விசிறியே செயலிழந்துவிட்டது" என்று நினைத்துக் காலை எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாலில் இரட்டை அடுக்குத் தகடு ஏன்? – நாகர்கோவில் வாசகர்

பழைய இருசிறகு விமானம் மாதிரி தெரிகிறது, உண்மைதான். மெதுவாகப் போகும்போது ரோட்டார் கீழே தள்ளும் காற்று படுக்கை வால் தகட்டின் மேல் விழுந்து வாலை அமுக்கும், மூக்கு தூக்கும். ஒரே நீளத் தகட்டை இரண்டு குட்டைத் தகடுகளாக்கி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் மேல் தகடு கீழ்த்தகட்டுக்குக் குடை பிடிக்கிறது. இறங்கும் நேரத்தில் மூக்கு அமைதியாக இருக்கிறது. எங்கள் பார்வையில் எச்160-இல் செலவு குறைவாகவும் பலன் தெளிவாகவும் இருக்கும் மாற்றம் இதுதான்.

எஞ்சின் 15 விழுக்காடு எரிபொருள் மிச்சப்படுத்துகிறது என்பது விளம்பரமா, நிஜமா? – சென்னை வாசகர்

எச்160-இல் உள்ள சஃப்ரான் அரானோ எஞ்சினுக்கு அந்நிறுவனம் சொல்லும் எண் அது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். எப்படி முடிகிறது என்று பார்த்தால் நம்பலாம். இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டரில் ஒன்று நின்றாலும் மற்றொன்று தூக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் தேவைக்கு மிகப் பெரியது. சாதாரணப் பயணத்தில் இரண்டும் முழுத்திறனுக்கு வெகு கீழே ஓடுகின்றன. டர்பைன் எஞ்சின் குறைந்த சுமையில்தான் எரிபொருளை வீணடிக்கும். அரானோவில் காற்று நுழையும் இடத்தில் கோணம் மாறும் தகடுகள் இருக்கின்றன. சுமை குறையும்போது அவை திரும்பி, உள்ளே வரும் காற்றை அமுக்கிக்கு (காற்றை அழுத்தும் பகுதி) பொருத்தமாகச் சாய்த்துக் கொடுக்கின்றன. மிச்சம் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

மருத்துவமனை மாடியிலிருந்து கிளம்பும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால்? – சேலம், மருத்துவர்

இதற்கு முறை வகுத்து வைத்திருக்கிறார்கள். நேராக முன்னால் பாய்வதில்லை. பைலட் முதலில் தளத்துக்கு மேல் அந்தரத்தில் நின்று திறன் போதுமா என்று பார்க்கிறார். பிறகு தளம் கண்ணில் படும்படி மெல்லப் பின்வாங்கிக்கொண்டே மேலே ஏறுகிறார். கையேட்டில் எடைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஒரு முடிவெடுக்கும் உயரம் உண்டு. அதற்கு முன் எஞ்சின் நின்றால் அதே தளத்துக்குத் திரும்ப இறங்கல். தூக்குநெம்பை (எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டும் நெம்பு) அவசரப்பட்டு இழுக்காமல் கடைசி சில அடிகளில்தான் இழுத்து மெத்தென்று உட்கார வைக்க வேண்டும். முன்பே இழுத்தால் ரோட்டார் வேகம் செத்துவிடும், கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது.

உயரத்தைத் தாண்டிய பிறகு நின்றால் மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கி, பாதுகாப்பான ஏறும் வேகம் வந்ததும் ஏற வேண்டும். 200 அடி உயரத்தில் நிமிடத்துக்கு 100 அடி, 1,000 அடியில் 150 அடி ஏறும் திறன் ஒற்றை எஞ்சினில் இருந்தாக வேண்டும் என்பது சான்று விதி. அதற்காக மீதி எஞ்சினுக்கு 30 வினாடி, 2 நிமிடம் என்று அவசரத் திறன்கள் உண்டு. புதிய எஞ்சின்களில் கணினி தானாகவே அவற்றைத் திறந்துவிடும். 30 வினாடித் திறனைத் தொட்டிருந்தால் கையேடு சொல்லும் சோதனை முடியாமல் அந்த எஞ்சின் மறுபடி பறக்கக் கூடாது. எச்160-இல் இந்தப் புறப்பாட்டின் பெரும்பகுதியை ஆட்டோபைலட் உதவியோடு செய்யலாம்.

நீங்கள் மருத்துவர் என்பதால் ஒன்று. இந்தக் கணக்கு முழுதும் எடையிலும் வெப்பத்திலும் நிற்கிறது. கடல் மட்டத்தில் 15 டிகிரியில் கன மீட்டருக்கு 1.225 கிலோ இருக்கும் காற்று, 40 டிகிரியில் 1.13-க்கு இறங்கிவிடும். ரோட்டாருக்கும் எஞ்சினுக்கும் எட்டு விழுக்காடு காற்று குறைவு. மே மாத மதியம் பைலட் "இன்னொருவரை ஏற்ற முடியாது" என்றால் வற்புறுத்தாதீர்கள்.

கியர்பாக்ஸில் எண்ணெய் இல்லாமலேயே 30 நிமிடம் பறக்கும் என்பது உண்மையா? – தூத்துக்குடி வாசகர்

எந்த ஹெலிகாப்டர் என்று பார்க்க வேண்டும். 2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் சிகோர்ஸ்கி எஸ்-92 ஒன்று விழுந்து 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். எண்ணெய் வடிகட்டியின் கிண்ணத்தை மூன்று டைட்டானிய ஆணிகள் பிடித்திருந்தன. வடிகட்டி மாற்ற அவிழ்த்து முடுக்கி அவிழ்த்து முடுக்கி மரையின் மேல் தோல் உரசி ஒட்டிச் சேதமாகியிருந்தது. பறக்கும்போது இரண்டு உடைந்து, எண்ணெய் முழுதும் போயிற்று. எச்சரிக்கை வந்து சுமார் 11 நிமிடத்தில் வால் விசிறிக்குப் போகும் பல்சக்கரம் தேய்ந்து பிடி விட்டது. ஆணிகளை எஃகுக்கு மாற்றச் சொல்லி தயாரிப்பாளர் அதே ஆண்டு ஜனவரியில்தான் அறிவித்திருந்தார். ஆனால் ஓராண்டு அல்லது 1,250 பறப்பு மணி அவகாசம் கொடுத்திருந்தார்.

அப்போதைய விதியில் 30 நிமிடச் சோதனை இருந்தது. கூடவே, எண்ணெய் போகும் வாய்ப்பு "மிக மிக அரிது" என்று காட்டினால் விலக்கும் இருந்தது. எண்ணெய்க் குளிர்விப்பான் வழிக் கசிவுக்கு மட்டும் அடைப்பான் வைத்துவிட்டு மற்றதை அரிது என்றார்கள். வடிகட்டி அந்த 'மற்றதில்' இருந்தது. பிற்பாடு ஐரோப்பிய விதி இறுக்கப்பட்டது. இத்தாலிய நிறுவனமான லியோனார்டோவின் ஏடபிள்யூ189 போன்றவை 50 நிமிடம் உலர்ந்து ஓடும் என்று காட்டியிருக்கின்றன. கடலுக்கு மேல் பறப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி "30 நிமிடமா?" என்பது மட்டுமல்ல, "எந்த இடத்தில் கசிந்தால்?" என்பதும்தான்.

விமானங்களில் உள்ள மின்கட்டுப்பாடு ஹெலிகாப்டருக்கு ஏன் தாமதமாகிறது? – பெங்களூரு வாசகர்

மின்கட்டுப்பாடு என்றால் பைலட்டின் கட்டளை கணினி வழியாக மின்சமிக்ஞையாகப் போவது. எச்160-இல்கூட பைலட்டின் கையிலிருந்து கம்பிகளும் ஹைட்ராலிக்கும்தான் ரோட்டாருக்குப் போகின்றன. அதன் மேல் ஆட்டோபைலட் உட்கார்ந்திருக்கிறது. சக்கரமும் பிரேக்கும்தான் முழுக்க மின்சாரத்துக்கு மாறியிருக்கின்றன. முழு மின்கட்டுப்பாட்டைப் பொதுப் பயன்பாட்டு ஹெலிகாப்டரில் கொண்டுவர முயன்றது பெல் 525.

2016 ஜூலை 6 அன்று டெக்சாஸில் அதன் சோதனைப் பறப்பில் இரண்டு பைலட்டுகள் இறந்தார்கள். 185 நாட் (மணிக்குச் சுமார் 343 கிலோமீட்டர்) வேகத்தில் ஓர் எஞ்சின் நின்றது போலப் பாவித்துச் செய்த சோதனை. ரோட்டார் வேகம் இறங்கியது, முழுதாக மீட்கப்படவில்லை. அந்தக் குறைந்த வேகத்தில் 6 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று எழுந்தது. அதிர்வு பைலட்டின் உடலை உலுக்க, கை உலுங்க, கையில் இருந்த நெம்பு உலுங்க, கணினி அதையே கட்டளையாக எடுத்து ரோட்டாருக்கு அனுப்பியது. அதிர்வு மேலும் வளர்ந்தது. நிலை உணரும் கருவியும் அதே அதிர்வைத் திருத்தப் பார்த்துக் கூட்டிவிட்டது. பிளேடு வாலை வெட்டியது. தூக்குநெம்பிலிருந்து வரும் வேகமான நடுக்கத்தை வடிகட்டும் ஒரு மென்பொருள் வடிப்பான் அங்கே இல்லை. கம்பியும் ஹைட்ராலிக்கும் உள்ள ஹெலிகாப்டரில் உராய்வே ஓரளவு வடிப்பானாக இருக்கும். கம்பியை எடுக்கும்போது அது செய்துகொண்டிருந்த சொல்லப்படாத வேலைகளையும் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. தாமதம் அதனால்தான்.

ஹெலிகாப்டரின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டரோடு ஏன் நின்றுவிடுகிறது? – ஈரோடு, பள்ளி ஆசிரியர்

வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். பிளேடு நுனி நொடிக்குச் சுமார் 220 மீட்டர் சுற்றுகிறது. ஹெலிகாப்டர் நொடிக்கு 80 மீட்டர் போகிறது. முன்னேறும் பக்கம் 300, பின்வாங்கும் பக்கம் 140. தூக்கல் வேகத்தின் வர்க்கத்தில் மாறுவதால் ஒரு பக்கம் மற்றதைப்போல 4.6 மடங்கு கிடைக்கப் பார்க்கும். சமன் செய்யப் பின்வாங்கும் பிளேடின் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காற்று அதன் மேல்பரப்பை விட்டுப் பிரிந்து தூக்கல் போய்விடும். முன்னேறும் நுனியோ ஒலியின் வேகத்தை நெருங்கும். இதைத் தாண்டச் சிறகும் பக்கவாட்டு உந்துவிசிறிகளும் வேண்டும். 2024 ஏப்ரல் 25 அன்று பறந்த ஏர்பஸ் ரேசர் அந்த வழியில் 400 கிலோமீட்டரைக் குறிவைத்துச் செய்தது.

வாடகைக்கு எடுக்கும் ஹெலிகாப்டர் பாதுகாப்பானதா என்று எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? – புதுச்சேரி வாசகர்

தயாரித்த ஆண்டைக் கேட்டால் போதாது, எரிபொருள் தொட்டியைக் கேளுங்கள். மோதலில் உயிர் பிழைத்தவர்கள் அதன் பிறகு தீயில் இறந்த விபத்துகள் பல. மோதலைத் தாங்கும் தொட்டிக்கு அமெரிக்கா 1994-இலேயே விதி போட்டது: 80 விழுக்காடு தண்ணீர் நிரப்பி 50 அடி உயரத்திலிருந்து போட்டால் கசியக் கூடாது, குழாய் இணைப்புகள் பிய்ந்தால் இருபுறமும் தானாக அடைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விதி புதிதாக வடிவமைத்தவற்றுக்கு மட்டும். பழைய வடிவச் சான்றில் புத்தம் புதிதாகச் செய்தவை பல ஆண்டுகள் பழைய தொட்டியோடே வெளிவந்தன. 2018-இல் சட்டம் போட்டு, 2020 ஏப்ரல் 5-க்குப் பின் அங்கே தயாராகும் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினார்கள். ஆகவே 2012-இல் செய்த பளபளப்பான ஹெலிகாப்டரில் பழைய தொட்டி இருக்கலாம். பல மாடல்களுக்கு மாற்றிப் பொருத்தும் தொட்டி கிடைக்கிறது. பொருத்தியிருந்தால் பராமரிப்புப் பதிவேட்டில் பதிவு இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இருக்கைகளையும் அப்படியே: 30 ஜி (புவியீர்ப்பைப்போல 30 மடங்கு) செங்குத்துச் சோதனையில் தேறியவையா என்று கேளுங்கள், தோள்பட்டை வாரை ஏறியவுடன் நீங்களே இழுத்துப் பாருங்கள்.